வேலை விளம்பரத் தரவை வைத்து வாடிக்கையாளர் பிடிக்கலாமா, ஆள் எடுக்கலாமா? காரைக்குடித் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. காரைக்குடியில் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறார். விற்பது வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்கு போடும் மென்பொருள். அதே மாடியில் அவருடைய தங்கை, கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சி வைத்திருக்கிறார். சென்னையிலிருந்து ஒருவர் வந்து, "தமிழ்நாடு முழுக்க எந்தக் கம்பெனி எந்த வேலைக்கு ஆள் தேடுகிறது என்ற ஜாப் போஸ்டிங் டேட்டாவை மாதாமாதம் தருகிறோம், ஒரு வருடச் சந்தா கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாங்கலாமா அண்ணே, வாங்கினால் என் விற்பனைக்கும் தங்கை ஆள் எடுப்பதற்கும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது கேள்வி.

இப்போதைக்கு வாங்காதீர்கள். தரவு நல்ல பொருள்தான். ஆனால் ஒரு வேலை விளம்பரத்தைப் படித்து விஷயத்தைக் கறக்கத் தெரியாதவர் கையில் பத்தாயிரம் வரி எக்செல் வந்தால், கடைசியில் அது இன்னொரு போன் நம்பர் பட்டியலாகத்தான் ஆகும். உங்கள் விற்பனைப் பையன் மேலிருந்து கீழாக டயல் செய்வான், ரெண்டாவது வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவான். அதனால் முதலில் இலவசமாகக் கிடைக்கும் விளம்பரங்களை நீங்களும் தங்கையும் உட்கார்ந்து படியுங்கள். படிப்பது எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கற்பனைதான், வாசகங்கள் தினமும் கண்ணில் படுபவை. திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி போட்டிருக்கிறது: "எச்.ஆர். அண்ட் பேரோல் எக்ஸிகியூட்டிவ் தேவை. 3 முதல் 5 வருட அனுபவம். மூன்று யூனிட்டுக்கும் சேர்த்து வருகைப் பதிவு, ஓ.டி. (கூடுதல் நேர வேலை), பி.எஃப்., இ.எஸ்.ஐ. பார்க்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளர் பதிவேடுகள் தெரிந்திருக்க வேண்டும். எக்செல்லில் வி-லுக்அப், பிவட் கட்டாயம். உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை. பிளான்ட் ஹெட்டுக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும்."

இதில் "எக்செல் கட்டாயம்" என்ற ஒரு வரி போதும், அந்தக் கம்பெனியில் சம்பள மென்பொருள் இல்லை, அல்லது இருந்தும் யாரும் அதை நம்புவதில்லை என்று தெரிந்துவிடும். மென்பொருள் ஓடுகிற இடமாக இருந்தால் அதன் பெயரைப் போட்டு "அதில் அனுபவம் தேவை" என்று கேட்டிருப்பார்கள். "மூன்று யூனிட்" என்பதால் மூன்று இடத்து வருகைப் பதிவை மாதக் கடைசியில் யாரோ ஒருவர் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறார். "உடனே சேரக்கூடியவர்" என்றால் பழைய ஆள் பெரும்பாலும் போய்விட்டார், அல்லது நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15-ஆம் தேதி. அதாவது அந்த நாற்காலி காலியாக இருக்கும் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி வாக்கில் அங்கே ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். அவர் யார்? கடைசி வரி சொல்கிறது: பிளான்ட் ஹெட். நீங்கள் பேச வேண்டியவர் அவர்தான். விளம்பரத்தில் நம்பர் போட்டிருக்கும் எச்.ஆர். பெண்ணுக்கு நாள் முழுக்க வேலை கேட்டு வரும் போனை எடுக்கவே நேரம் போதாது.

பாருங்கள், ஆறேழு வரி விளம்பரத்திலிருந்து என்ன இல்லை, எத்தனை இடம், எப்போது வலிக்கும், யாருக்கு வலிக்கும் என்று நான்கு விஷயம் வந்துவிட்டது. இதை எந்த டேட்டா கம்பெனியும் தனிக் கட்டத்தில் நிரப்பித் தராது. "தொழில்: உற்பத்தி, ஊர்: திருச்சி, பதவி: எச்.ஆர்." என்று மூன்று கட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் தொழிலுக்கென்று இன்னும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. 20 பேர் வேலை செய்தால் பி.எஃப். கட்டாயம், தொழிற்சாலையில் 10 பேர் என்றால் இ.எஸ்.ஐ. வந்துவிடும். ஆகவே 14, 15 பேர் இருக்கிற ஒரு கம்பெனி ஒரே நேரத்தில் ஆறு ஏழு வேலைக்கு விளம்பரம் போடுகிறது என்றால், இன்னும் கொஞ்ச நாளில் அது பி.எஃப். எல்லையைத் தாண்டப்போகிறது. முதலாளிக்கே அது உறைத்திருக்காது. ஆடிட்டர் சொல்வதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சொன்னால், முதல் சந்திப்பிலேயே உங்களை விவரம் தெரிந்தவராக நினைப்பார். சம்பள வரம்பையும் பாருங்கள். இ.எஸ்.ஐ.க்கு மாதம் 21,000 ரூபாய் எல்லை. ஆபரேட்டர், ஹெல்ப்பர் என்று 15,000 முதல் 20,000 வரை சம்பளத்தில் கும்பலாக ஆள் எடுக்கிற கம்பெனியில் அத்தனை பேரும் இ.எஸ்.ஐ. கணக்கில் வருவார்கள். 60,000 சம்பளத்தில் நான்கு பொறியாளர் எடுக்கிற கம்பெனியைவிட உங்கள் மென்பொருளுக்கு அங்கேதான் வேலை அதிகம்.

அதேபோல "ஜி.எஸ்.டி., இ-இன்வாய்ஸ் அனுபவம் உள்ள அக்கௌண்டன்ட்" என்று கேட்டால், அந்தக் கம்பெனியின் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருக்கிறது என்று ஓரளவு தைரியமாக எழுதிக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயத்துக்கு அதுதான் எல்லை. பாலன்ஸ் ஷீட்டைத் தேடி அலையாமலே, இவர்களுக்கு உங்கள் விலை கட்டுப்படியாகுமா என்பது தெரிந்துவிடும். "டேலி தெரிந்திருக்க வேண்டும்" என்பதில் செய்தி ஒன்றும் இல்லை, எல்லாருமே அதைப் போடுவார்கள். "டேலியிலிருந்து வேறு இ.ஆர்.பி.க்கு மாற்றிய அனுபவம்", அதாவது கணக்கு மென்பொருளை விட்டு முழுக் கம்பெனி நிர்வாகத்துக்கான மென்பொருளுக்கு மாறிய அனுபவம் என்று வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அங்கே பணம் ஒதுக்கியாகிவிட்டது. யாருக்குப் போகப்போகிறது என்பது மட்டும்தான் பாக்கி.

எல்லாவற்றிலும் பெரிய அறிகுறி, ஒரு கம்பெனி ஒரு பதவிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஆள் தேடுவது. அதுவரை முதலாளியின் மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு "எச்.ஆர். மேனேஜர்" என்று விளம்பரம் வந்தால், அந்த வீட்டில் ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். புதிதாக வருகிற மேனேஜர் முதல் இரண்டு மூன்று மாதத்தில் எதையாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் இருப்பார். விளம்பரம் வந்த அன்றே ஓடாதீர்கள். அது மறைந்து, ஆள் சேர்ந்து, ஒரு சம்பள நாளைப் பார்த்த பிறகு போங்கள். எந்த விளம்பரம் எப்போது மறைந்தது என்ற குறிப்பு உங்களிடம் இருந்தால்தான் இது முடியும். பலர் விளம்பரம் வந்த தேதியை மட்டும் எழுதுகிறார்கள். மறைந்த தேதிக்கும் அதே அளவு மதிப்பு உண்டு.

ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் என்ன? இங்கேதான் அண்ணனும் தங்கையும் வேறு வேறு மாதிரி படிக்க வேண்டும். மூன்று மாதமாக ஒரே அக்கௌண்டன்ட் வேலை தொங்குகிறது என்றால் தங்கைக்கு அது திறந்த கதவு. சம்பளம் குறைவா, கேட்கிற தகுதி அதிகமா, வந்தவர்கள் நிற்கவில்லையா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். அண்ணனுக்கு அது எச்சரிக்கை. மென்பொருளை வாங்கினாலும் அதில் உட்கார்ந்து விவரம் ஏற்ற அங்கே ஆளில்லை. பாதியில் நின்றுபோய், பணத்துக்கு நீங்கள் நடையாய் நடக்க வேண்டியிருக்கும். சில விளம்பரங்கள் வெறும் ரெஸ்யூமே சேர்க்கப் போடப்படுபவை, வேலையே இருக்காது. சில, "வேலை உறுதி" என்று பயிற்சிக் கட்டணம் வாங்குகிற நிலையங்களின் வலை. இவற்றை முதல் பார்வையிலேயே கழித்துக்கட்டப் பழகிவிடுவீர்கள்.

தேதியை நம்பாதீர்கள். பல தளங்களில் பழைய விளம்பரத்தைப் புதுப்பித்தால் தேதியும் புதிதாகிவிடும். லிங்க்ட்இன் குறைந்தபட்சம் "ரீபோஸ்டட்" என்றாவது காட்டும். உங்கள் கண்ணில் முதலில் பட்ட நாள் எதுவோ அதைத்தான் உங்கள் ஷீட்டில் எழுத வேண்டும். அப்புறம் நகல்கள். ஒரே வேலையை கம்பெனி தன் இணையதளத்தில் போடும், நௌக்ரி என்ற வேலைத் தளத்தில் போடும், மூன்று கன்சல்டன்சிகள் "முன்னணி நிறுவனம் ஒன்றுக்கு" என்று பெயர் சொல்லாமல் போடுவார்கள், அதையெல்லாம் இன்னொரு தளம் திரட்டி மறுபடி போடும். எக்செல்லில் பத்து வரி, உண்மையில் ஒரு நாற்காலி. விற்கிறவர் "எங்களிடம் இத்தனை லட்சம் வேலைகள்" என்று சொல்லும்போது இதை மனதில் வையுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே இன்னொரு தலைவலி உண்டு. "செட்டிநாடு" என்று போட்டுத் தேடிப்பாருங்கள். கரூர் புலியூரில் ஆலை வைத்திருக்கும் சிமென்ட் கம்பெனி வரும், கேளம்பாக்கத்து மருத்துவமனை வரும், அப்புறம் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஓட்டல்கள் "செட்டிநாடு மாஸ்டர்" தேடும் விளம்பரங்கள் கொட்டும். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் அதில் சம்பந்தமே இருக்காது. "திருப்பத்தூர்" என்று போட்டால் நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரும், 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டமும் கலந்து வரும். "ராமநாதபுரம்" போட்டால் கோயம்புத்தூரில் இருக்கிற ராமநாதபுரம் வந்து நிற்கும். தரவு விற்பவரின் மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஊர்ப்பெயரோடு பின்கோடும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இந்தத் தரவு எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, அப்போதுதான் விலை பேச முடியும். கம்பெனிகள் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒரு விளம்பரம் போடும்போது, கண்ணுக்குத் தெரியாத குறிமுறை ஒன்றும் பக்கத்துக்கு உள்ளே போகிறது. பதவியின் பெயர், வெளியிட்ட நாள், காலாவதி நாள், நிறுவனம், ஊர், முழு நேரமா பகுதி நேரமா, சம்பளம் சொல்லியிருந்தால் சம்பளம் என்று தனித்தனிக் கட்டங்கள். ஸ்கீமா டாட் ஆர்க் என்ற பொது வடிவம் அது. கூகுள் 2017-இல் அமெரிக்காவிலும் அடுத்த வருடம் இந்தியாவிலும் வேலை தேடலைக் கொண்டுவந்தபோது இதைத்தான் படிக்கத் தொடங்கியது. அதன் பிறகு கம்பெனிகளும் தேடலில் தெரிய வேண்டுமே என்று ஒழுங்காக நிரப்ப ஆரம்பித்தன. டேட்டா விற்பவர்களின் நிரல்கள் இந்தக் கட்டங்களைத்தான் பெருக்கி எடுக்கின்றன. கிரீன்ஹவுஸ், லீவர் மாதிரி ஆள் எடுப்பு மென்பொருள்கள், தங்களைப் பயன்படுத்தும் கம்பெனிகளின் காலியிடங்களை யாரும் படிக்கும்படி திறந்தே வைத்திருக்கின்றன. ஆனால் அதில் வருவது பெரும்பாலும் பெங்களூரு, சென்னை ஐ.டி. கம்பெனிகள். சம்பள மென்பொருள் விற்கும் உங்களுக்கு அவர்கள் வாடிக்கையாளர் ஆகமாட்டார்கள். தங்கைக்கு வேண்டுமானால் உதவும்.

சரி, உள்ளூருக்கு வருவோம். தரவு விற்பவரிடம் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர், பள்ளத்தூர் என்று கேட்டால் கையில் வருவது கொஞ்சம்தான். தனியார் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நகைக்கடன் கம்பெனிகளின் கிளை, பெரிய ஜவுளிக்கடை, பங்களாக்களை ஓட்டலாக்கி நடத்துபவர்கள் ஆகியோர்தான் இணையத்தில் போடுகிறார்கள். புதுவயல் அரிசி ஆலைக்காரர் போடுவதில்லை. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர் போடுவதில்லை. நகைப் பட்டறையில் ஆள் வேண்டுமென்றால் பட்டறைக்காரர் இன்னொரு பட்டறைக்காரரிடம் சொல்லிவைப்பார், அதோடு சரி.

இது புதுப் பழக்கமும் இல்லை. பர்மா, மலேயாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் முதலாளிகள் ஆள் எடுத்த விதத்தைப் பாருங்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை இருந்தது. ஏஜெண்டாகப் போகிறவருக்கு வழக்கமாக மூன்று வருடத் தவணை, சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்தாகும். அத்தனை பெரிய பணப்புழக்கத்துக்கு ஆள் எடுத்தது விசாரித்துத்தான்: யார் வீட்டுப் பையன், எந்தக் கோயில், முன்னால் எந்தக் கடையில் இருந்தான். இன்றைக்கும் இந்தப் பக்கம் கல்லாவில் உட்காரும் ஆளை யாரும் நௌக்ரியில் தேடுவதில்லை. அதனால் "இணையத்தில் விளம்பரம் இல்லை, ஆகவே இங்கே வேலை இல்லை" என்று தரவு சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

உள்ளூருக்கான தரவை நீங்களே உண்டாக்க வேண்டும். அது வெளியே காசு கொடுத்து வாங்குவதைவிட மதிப்பு உள்ளது, ஏனென்றால் வேறு யாரிடமும் இருக்காது. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் "வேலைக்கு ஆட்கள் தேவை" காகிதம், பேருந்து நிலையத்துச் சுவரொட்டி, நாளிதழ் வரி விளம்பரம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், எல்லாமே ஜாப் போஸ்டிங்தான். செக்காலை ரோட்டில் போகும்போது கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுங்கள். சாயங்காலம் ஷீட்டில் ஏற்றுங்கள்: கடை, தெரு, என்ன வேலை, எத்தனை பேர், சம்பளம் சொன்னார்களா, முதலில் பார்த்த நாள், காகிதம் கிழிந்த நாள். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னால் ஜவுளிக்கடைகள் எப்போது ஆள் எடுக்கத் தொடங்குகின்றன, வெளிநாட்டுக்காரர்கள் வரும் குளிர்காலத்துக்கு முன்னால் பங்களா ஓட்டல்கள் எந்த மாதம் தேடுகின்றன என்பதெல்லாம் ஒரு வருடம் எழுதினால் உங்கள் கையில் இருக்கும். அடுத்த வருடம் அவர்கள் காகிதம் ஒட்டுவதற்கு முன்னால் தங்கை போய் நிற்கலாம்.

காசில்லாமல் கிடைக்கும் இன்னொன்று, மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள். எந்தெந்தக் கம்பெனி வந்து மேசை போட்டது என்று பாருங்கள். சனிக்கிழமை காலையில் ஆள் அனுப்பி மேசை போடுகிற கம்பெனிக்கு உண்மையிலேயே ஆள் வேண்டும், அங்கே போலி விளம்பரம் குறைவு. தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளமும், மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் இருக்கின்றன. வடிவம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் சின்ன ஊர்க் கம்பெனிகள் அங்கே தென்படும்.

தங்கச்சிக்குத் தனியாகச் சில வார்த்தை. வேலை விளம்பரங்களை வைத்துச் சம்பளம் கணிக்கும்போது கவனம் வேண்டும். பெரிய பதவிகளுக்குப் பாதிக்கு மேல் "சம்பளம் வெளியிடப்படவில்லை" என்றுதான் இருக்கும். வெளிப்படையாகத் தொகை சொல்பவை கீழ்நிலை வேலைகளும் விற்பனை வேலைகளும்தான், அதிலும் ஊக்கத்தொகையைச் சேர்த்து ஊதிக் காட்டியிருப்பார்கள். அந்தச் சராசரியை எடுத்துக்கொண்டு ஒரு முதலாளியிடம் "சந்தை விலை இது" என்று பேசினால் அவர் சிரிப்பார். அதைவிட, மதுரையிலும் திருச்சியிலும் அதே மாதிரி ஆளுக்கு யார் யார் தேடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள். "உங்களோடு சேர்த்து ஒன்பது கம்பெனி இந்த மாதம் இதே ஆளைத் தேடுகிறது, அதில் நான்கு பேர் தங்குமிடம் தருகிறார்கள்" என்றால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு வேறு.

இன்னொரு பெரிய வாய்ப்பு நம் ஊரிலிருந்து வெளியே ஆள் அனுப்புவதில் இருக்கிறது. காரைக்குடியில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அங்கே மின்வேதிப் பொறியியல் படித்த பிள்ளைகள் உண்டு, பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம், அரசுப் பொறியியல் கல்லூரி. பேட்டரி, முலாம் பூசுதல், துருத்தடுப்பு இந்த மூன்றுக்கும் ஆள் கேட்டு கிருஷ்ணகிரி, ஓசூர், சென்னைப் பக்கம் வருகிற விளம்பரங்களைத் தொடர்ந்து பாருங்கள். சென்னை கன்சல்டன்சிக்காரர்களுக்கு "கெமிக்கல் இன்ஜினியர்" என்று தேடத்தான் தெரியும். "எலெக்ட்ரோகெமிக்கல்" என்று கேட்கும் விளம்பரத்துக்கு எந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு வீட்டு வாசலிலிருந்தே தெரியும். ஒரு துறையில் இப்படி ஆழமாகப் பெயர் வாங்குவது, எல்லா வேலைக்கும் எல்லா ரெஸ்யூமேயும் அனுப்புவதைவிட நூறு மடங்கு மேல்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா விளம்பரங்களும் உங்கள் ஷீட்டில் நிறைய விழும். நம் பக்கத்தில் கேட்பவர்களும் அதிகம். ஆனால் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி (எமிக்ரேஷன் ஆக்ட்) பதிவுச் சான்று இல்லாத முகவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கவே கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் இருக்கிறது. "சும்மா ரெஸ்யூமே மட்டும் அனுப்புகிறேன்" என்று அதில் கால் வைக்க வேண்டாம்.

இப்போது முக்கியமான ஒன்று. ஒரே விளம்பரத்தைப் பார்த்து அண்ணனும் தங்கையும் ஒரே வாரத்தில் ஒரே கம்பெனிக்குப் போன் செய்யாதீர்கள். யார் முதலில்? தங்கைதான். அவர்கள் கேட்டது ஆள். கேட்டதைக் கொடுப்பவரிடம் எரிச்சல் வராது. "உங்கள் விளம்பரம் பார்த்தோம், எங்கள் மென்பொருளை வாங்கினால் ஆளே வேண்டாம்" என்று நீங்கள் பேசினால், விளம்பரம் போட்டவருடைய முடிவே தப்பு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஆள் சேர்ந்து முதல் சம்பளப் பட்டியல் போட்ட பிறகு நீங்கள் போங்கள். ஆனால் தங்கை சேர்த்துவிட்ட பிள்ளையிடமிருந்து உள்விவகாரம் கேட்டு வாங்காதீர்கள். அது ஒருநாள் வெளியே வந்தால் இரண்டு தொழிலும் போகும்.

தங்கையால் ஆள் கொடுக்க முடியாத கம்பெனியாக இருந்து, நீங்களே நேரடியாகப் போவதானால், பேச்சு இப்படி இருக்கட்டும்: "சார், உங்களுக்கு மூன்று யூனிட் இருப்பதைப் பார்த்தேன். மூன்று இடத்து வருகைப் பதிவையும் சேர்த்து 15-ஆம் தேதிக்குள் பி.எஃப். கட்டுவது ஆள் மாறும் மாதத்தில் சிரமமாக இருக்கும். புது ஆள் வரும்வரை இந்த மாதச் சலானை மட்டும் நாங்கள் போட்டுத் தரட்டுமா?" மென்பொருள் என்ற சொல்லே இதில் இல்லை. ஒரு மாத வேலையை எடுத்துச் செய்து கொடுங்கள், அதற்கு நியாயமான கூலி வாங்குங்கள். மிச்சத்தை அவரே கேட்பார். விளம்பரத்தின் வாசகத்தை அப்படியே திருப்பி ஒப்பிக்காதீர்கள், யாரோ வேவு பார்த்த மாதிரி இருக்கும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. வேலை விளம்பரம் பொதுவில் இருப்பதாலேயே அதை நிரல் வைத்து அள்ளலாம் என்று கல்லூரிப் பையன்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் ஹைக்யூ என்ற கம்பெனி லிங்க்ட்இன் தரவை அள்ளி, 2017-இல் தொடங்கிய வழக்கில், பொதுப் பக்கத்தைப் படிப்பது கணினி ஊடுருவல் குற்றம் ஆகாது என்ற வகையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாதகமான உத்தரவைப் பெற்றது. அதோடு கதை முடியவில்லை. 2022 கடைசியில், தளத்தின் பயன்பாட்டு ஒப்பந்தத்தை மீறியது என்று அதே கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பாகி, சமரசத்தில் முடிந்தது. பலர் முதல் பாதியை மட்டும் சொல்லித் தரவு விற்கிறார்கள். உங்கள் அளவுக்கு நிரலே தேவையில்லை. தளங்களே தரும் தினசரி மின்னஞ்சல் அறிவிப்பை ஏற்பாடு செய்துகொண்டு, கையால் ஷீட்டில் ஏற்றினால் போதும்.

விளம்பரத்தில் இருக்கும் எச்.ஆர். ஒருவரின் பெயரும் கைபேசி எண்ணும் தனிநபர் தரவு. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்பந்தப்பட்டவரே பொதுவில் வெளியிட்ட தரவுக்கு விலக்கு தருகிறது. ஆனால் அந்த எண்ணைப் போட்டது அவரா, கம்பெனியா, இடையில் இருக்கும் தளமா என்று யார் நிரூபிப்பது? பதிவு செய்யாமல் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு செய்வதை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறை அனுமதிப்பதும் இல்லை. கம்பெனியின் பொது எண், பொது மின்னஞ்சல், நேரில் போவது, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தங்கையிடம் வேலை கேட்டு வந்த ரெஸ்யூமேக்களில் இருக்கும் எண்களை எடுத்து "பேரோல் பயிற்சி வகுப்பு, உடனே சேருங்கள்" என்று உங்கள் பக்கத்திலிருந்து செய்தி அனுப்பும் ஆசை வரும். வேலைக்கென்று கொடுத்த விவரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே நேர் எதிர். வேண்டுமானால் பதிவு செய்யும்போதே தனியாக ஒரு கேள்வி வைத்துச் சம்மதம் வாங்குங்கள்.

இதெல்லாம் இரண்டு மூன்று மாதம் கையால் செய்தபின், திருச்சி, மதுரை, திண்டுக்கல் என்று விரிக்க ஆசை வந்து, படித்துத் தீரவில்லை என்ற நிலை வந்தால், அந்தச் சென்னைக்காரரைக் கூப்பிடுங்கள். வருடச் சந்தா பேச்சை எடுக்க விடாதீர்கள். போன மாதத்துத் திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டத் தரவைச் சோதனைக்குக் கேளுங்கள். நீங்கள் கையால் எழுதிய ஷீட்டோடு ஒப்பிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த விளம்பரங்களில் எத்தனை அவரிடம் இருக்கிறது, நகல் எத்தனை, கம்பெனி பெயரே இல்லாமல் "முன்னணி நிறுவனம்" என்று எத்தனை, முதலில் பார்த்த நாளும் மறைந்த நாளும் தனித்தனியாக இருக்கிறதா, விளம்பரத்தின் முழு வாசகம் வருகிறதா, வெறும் தலைப்பு மட்டுமா. முழு வாசகம் இல்லை என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். தலைப்பை மட்டும் வைத்து, நான் மேலே காட்டிய துவாக்குடி விளம்பரத்தை உங்களால் படித்திருக்க முடியாது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மாவட்டம், ஒரு மாதம், உங்களுக்கு வேண்டிய நான்கைந்து பதவிகள் மட்டும் என்று விலை கேளுங்கள். தரமாட்டேன், தமிழ்நாடு முழுக்கத்தான் என்றால் விட்டுவிடுங்கள், விற்பவர்கள் வேறு ஆளும் இருக்கிறார்கள்.